எந்தக் கை?

இவ்வாண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நம் சங்கச் செயலாளர் என் அறைக்கு வந்தார். "எதைப் பற்றி எழுதப் போகிறாய், தம்பி?" என்றார். "மடக்குக் கத்தியின் கிளிப்பைப் பற்றி, அண்ணா" என்றேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "பேனாவுக்கு இருக்குமே, அந்தக் கிளிப்பா? அதில் எழுத என்ன இருக்கிறது? காதல் இருக்கிறதா, வீரம் இருக்கிறதா?" என்று கேட்டார். நான் என் இடக்கைச் சுட்டுவிரலை நீட்டினேன். அதன் உட்புறத்தில், நடுக்கணுவுக்குக் கீழே, ஒரு வெள்ளைத் தழும்பு பிறைபோல் வளைந்து கிடக்கிறது. மூன்று தையல் போட்ட தழும்பு. அண்ணன் சிரிப்பை நிறுத்தினார். "சரி, எழுது" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எழுதத் தொடங்குமுன் ஓர் ஐயத்தை நீக்கிவிடுகிறேன். கத்தி என்றதும் சிலர்க்குத் திரைப்படத்துப் போக்கிரியின் நினைவு வரும். கண்ணிமைக்கும் நேரத்தில் கத்தி உருவும் வித்தையைக் கற்றுத்தர நான் இங்கு வரவில்லை. நான் தோட்டக்கலை மாணவன். இமயமலைச் சரிவில் இருக்கும் இந்தப் பல்கலைக்கழகத்தில் எங்கள் வகுப்புக்குப் பாதி நாள் ஆப்பிள் தோட்டத்திலேயே கழிகிறது. குளிர்காலத்தில் கிளை கழிக்கவேண்டும். பிப்ரவரி, மார்ச்சில் ஒட்டுக் கட்டவேண்டும். சணல் கயிறு அறுக்கவும், ஒட்டு நாடா நறுக்கவும், நாற்றுப் பையைக் கிழிக்கவும் சட்டைப் பையில் ஒரு சிறு கத்தி இல்லாமல் ஒரு நாளும் கழியாது. வனவியல் படிக்கும் நண்பர்களுக்கும் மலையேறும் நண்பர்களுக்கும் அப்படியே. விடுதி அறையில் மாம்பழம் நறுக்குவோரை இங்குக் கணக்கில் சேர்க்கவில்லை.

சட்டத்தையும் ஒரு சொல் சொல்லிவிடுவது நல்லது. 1959 ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்கீழ் அமைந்த 2016 ஆம் ஆண்டு விதிகள், அலகு 9 அங்குலத்துக்கு மேல் நீண்ட அல்லது 2 அங்குலத்துக்கு மேல் அகன்ற கத்திகளை ஆயுதப் பட்டியலில் வைக்கின்றன. வீட்டுக்கும் வேளாண்மைக்கும் அறிவியலுக்கும் தொழிலுக்கும் என்று செய்த கருவிகளுக்கு அதில் விலக்கு உண்டு. தில்லியில் பொத்தானை அழுத்தினால் பாய்ந்து திறக்கும் கத்திகளுக்கு 1980 ஆம் ஆண்டிலிருந்தே தனிக் கட்டுப்பாடு இருக்கிறது. விமானத்தில் ஏறுவோர் எந்தக் கத்தியையும் கைப்பையில் வைத்துக்கொள்ளக் கூடாது. நான் பேசுவது மூன்று அங்குல அலகுள்ள, கட்டைவிரலால் தள்ளித் திறக்கும் வேலைக் கத்தியைப் பற்றி. அதையும் தோட்டத்துக்குப் போகும்போது எடுத்து, திரும்பியதும் மேசை அறையில் வைத்துவிடுவதே முறை.

இனி, கிளிப் எதற்கு என்று பார்ப்போம்.

பழைய பேனாக் கத்தி பையின் அடியில் சாவியோடும் சில்லறையோடும் கிடக்கும். அதைத் தேடி எடுக்க ஒரு கை வேண்டும். அலகிலுள்ள பள்ளத்தில் நகத்தை மாட்டி இழுத்துத் திறக்க இன்னொரு கை வேண்டும். சமதரையில் நிற்பவனுக்கு இதில் தொல்லை இல்லை. சரிவில் நிற்பவன் ஒரு கையால் கிளையைப் பற்றிக்கொண்டிருக்கிறான். அவனுக்கு எஞ்சியிருப்பது ஒரே கை. அந்த ஒரு கையே கத்தியைக் கண்டு, எடுத்து, திறந்து, அறுத்து, மடக்கி, மீண்டும் பையில் வைக்கவேண்டும்.

இதற்கு வழி செய்தது 1981 இல் அமெரிக்காவில் ஸ்பைடர்கோ நிறுவனம் வெளியிட்ட 'வொர்க்கர்' என்ற கத்தி. பையின் விளிம்பில் கத்தியைத் தொங்கவிட ஒரு கிளிப், கட்டைவிரலை வைத்துத் தள்ள அலகில் ஒரு வட்டத் துளை. இவ்விரண்டும் ஒரே கத்தியில் சேர்ந்து வந்தன. கத்தி எப்போதும் ஒரே இடத்தில், ஒரே திசையில் நிற்கும், கை தேடவேண்டியதில்லை. இன்று தெருக்கடையில் விற்கும் மலிவான கத்தியிலும் கிளிப் இருக்கிறது.

கத்தி எப்போதும் ஒரே திசையில் நிற்கும் என்றேன். நன்மையும் தீமையும் அங்கேதான் தொடங்குகின்றன. எந்தத் திசையில் நிற்கிறது என்பதை முடிவு செய்வது நீங்கள் அல்லர். கிளிப்பைப் பொருத்தத் தொழிற்சாலையில் துளையிட்டானே, அவன் முடிவு செய்துவிட்டான்.

மடக்கிய கத்தி ஒன்றை மனக்கண்முன் நிறுத்திக்கொள்ளுங்கள். ஒரு முனையில் அலகு சுழலும் கீல். மறு முனை பிடியின் அடி. அலகு பிடிக்குள் மடங்கிக் கிடப்பதால் அதன் கூரிய நுனி அடிப்பக்கத்தில் வந்து ஒளிந்துகொள்கிறது. பிடியின் ஒரு விளிம்பு நெடுகப் பிளவு இருக்கும். அலகின் முதுகு அதில் தெரியும். அலகு வெளிவருவது அந்தப் பிளவின் வழியாகத்தான். அதைக் கத்தியின் வாய்ப்பக்கம் என்று வைத்துக்கொள்வோம். இப்போது மூன்று கேள்விகள் எழுகின்றன.

முதற் கேள்வி: பைக்குள் அலகின் நுனி மேலே நோக்குகிறதா, கீழே நோக்குகிறதா? கிளிப்பை அடிமுனையில் பொருத்தினால் நுனி மேலே நிற்கும். கீல்முனையில் பொருத்தினால் நுனி கீழே நிற்கும். பைக்குள் கை இறங்கும்போது கட்டைவிரல் பைக்கு உள்ளேயும் மற்ற விரல்கள் வெளியே கிளிப்பின் மேலும் அமைகின்றன. விரல் நுனிகள் கீழ்நோக்கி நீள்கின்றன. நுனி மேலாக இருந்தால் கீல் கீழே, விரல் நுனிகளின் அருகில் இருக்கிறது. உருவியதும் கத்தி வேலை செய்யும் பிடியிலேயே வெளிவருகிறது. கட்டைவிரல் துளையின்மேல் நேரே போய் நிற்கிறது. நுனி கீழாக இருந்தாலோ, கீல் உள்ளங்கைக்குள் அகப்பட்டு, அடிமுனை விரல் நுனியில் நிற்கும். கத்தியைக் கைக்குள்ளேயே தலைகீழாகத் திருப்பினாலன்றித் திறக்க முடியாது. கை ஈரமாக இருந்தாலும், குளிருக்குக் கையுறை அணிந்திருந்தாலும், இந்தத் திருப்பத்தில்தான் கத்தி நழுவிப் பள்ளத்தில் விழுகிறது.

அப்படியானால் நுனி மேல் என்ற அமைப்பே சிறந்தது என்று முடிவு கட்டலாமா? அவசரப்படாதீர்கள். இரண்டாம் கேள்வி இருக்கிறது: வாய்ப்பக்கம் எந்தத் திசையை நோக்குகிறது? நுனி மேலே இருக்கும் கத்தி பைக்குள் எவ்வாறோ சற்றுத் திறந்துகொண்டால், அந்த நுனி விரல்கள் நுழையும் பை வாயிலேயே காத்திருக்கும். இதைத் தடுப்பது எது? அலகை உள்ளே பிடித்துவைக்கும் சிறு எஃகுக் குண்டோ வில்லோ ஒரு காவல். அதைவிட நம்பத்தக்க காவல், கால்சட்டைப் பையின் பின்தையல். வலக்கைக்காரர் ஒருவர், வலக்கைக்கென்று கிளிப் வைத்த கத்தியை, நுனி மேலாக வலப் பையில் செருகினால், வாய்ப்பக்கம் பின்னோக்கி அமைகிறது. கத்தியைப் பையின் பின்மூலைக்குத் தள்ளி வைத்தால், அலகின் முதுகு தையலில் முட்டி நிற்கும். அலகு திறக்க நினைத்தாலும் இடமில்லை. வலக்கை நண்பர்கள் பல ஆண்டுகளாக இந்தக் காவலில் இருக்கிறார்கள். அப்படி ஒரு காவல் இருக்கிறது என்பதே அவர்களுக்குத் தெரியாது.

மூன்றாம் கேள்வி: கிளிப்பின் வளைவு எவ்வளவு உயரத்தில் இருக்கிறது? வளைவு கத்தியின் உச்சியிலேயே அமைந்தால் கத்தி முழுவதும் பைக்குள் மறைந்துவிடும். கிளிப்பின் கம்பி மட்டும் வெளியே தெரியும். பார்ப்பவர் மிரளமாட்டார். பேருந்திலும் கடையிலும் இது நாகரிகம். ஆனால் பற்றி இழுக்க விரலுக்குப் பிடி கிடைக்காது. வளைவு சற்றுத் தாழ இருந்தால் பிடியில் அரை அங்குலம் வெளியே நிற்கும். எடுப்பது எளிது, ஆனால் முள்ளிலும் கிளையிலும் மாட்டும். இதில் இதுவே சரி என்ற விதி இல்லை. அவரவர் தொழிலைப் பொறுத்தது.

இவ்வளவும் வலக்கைக்காரரை மனத்தில் வைத்துச் சொன்னேன். இனி என் கதை.

நான் இடக்கைக்காரன். எங்கள் ஊர்ப் பேச்சில் நொட்டாங்கைக்காரன். மூன்றாம் பருவத்தில், மலையடிவாரத்து நகரம் ஒன்றில் ஒரு கடையில் மடக்குக் கத்தி வாங்கினேன். நல்ல எஃகு, நல்ல பிடி. கிளிப் வலக்கைக்கு, நுனி மேல். மறுபக்கத்தில் துளைகள் இல்லை. "கிளிப்பில் என்ன இருக்கிறது?" என்று நானும் அன்று நினைத்தேன். அதை அப்படியே இடப் பையில் செருகிக்கொண்டேன்.

என்ன நடந்தது என்று பாருங்கள். கிளிப் எப்போதும் வெளிப்பக்கம் இருந்தாகவேண்டும். வலப் பைக்கு என்று செய்ததை இடப் பைக்கு மாற்றினால் கத்தி முழுவதும் முன்பின்னாகத் திரும்பிவிடுகிறது. வாய்ப்பக்கம் பின்தையலை விட்டுவிட்டு முன்னோக்கி நிற்கிறது. முன்னே இருப்பது பையின் வெற்றிடம். அலகுக்குக் காவல் போயிற்று. அதோடு, உருவும்போதும் கத்தி கையில் முன்பின் மாறியே வருகிறது. ஒவ்வொரு முறையும் கைக்குள் சுழற்றித் திருத்திக்கொண்டுதான் திறக்கவேண்டும். ஓராண்டு காலம் அப்படித் திருத்திக்கொண்டே வேலை செய்தேன். அதுதான் இயல்பு என்று எண்ணினேன். என் கை மந்தம் என்றுகூட எண்ணினேன்.

சென்ற ஆண்டு பிப்ரவரியில் ஒரு காலை. இரவு பெய்த பனி கிளைகளில் உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. மேல்வரப்பில் ஒரு மரத்தின் கவட்டில் ஏறி, வலக்கையால் கிளையைப் பற்றிக்கொண்டு, கட்டு அறுக்க இடக்கையைப் பைக்குள் விட்டேன். கீலின் திருகாணி சற்றே தளர்ந்திருந்ததை நான் கவனிக்கவில்லை. ஏறும்போது துணி இழுபட்டு அலகு விரலகலம் திறந்திருக்கிறது. முதலில் வலி தெரியவில்லை. பையிலிருந்து வெளிவந்த கை சிவப்பாக இருந்தது.

கீழே இறங்கியதும் நண்பர்கள் ஓடி வந்தார்கள். ஒட்டுக் கட்ட வைத்திருந்த நாடாவால் என் விரலையே சுற்றிக் கட்டினார்கள். சுகாதார நிலையத்தில் தையல் போட்ட மருத்துவர், "எந்தக் கையால் எழுதுகிறாய்?" என்று இந்தியில் கேட்டார். "இந்தக் கையால்தான்" என்றேன். அவர் தலையை அசைத்துவிட்டு, "இரண்டு வாரம் எழுதாதே, கத்தியும் பிடிக்காதே" என்றார். ஒட்டுக்கட்டும் பருவம் எங்களுக்கு ஆண்டில் ஒருமுறை வருவது. அந்த ஆண்டு செய்முறைத் தேர்வில் மற்றவர்கள் ஒட்டுக் கட்ட, நான் வரப்பில் நின்று வேடிக்கை பார்த்தேன்.

அறைக்கு வந்ததும் என் அறை நண்பன் சொன்னான்: "நீ கொஞ்சம் கவனமாக இருந்திருக்கலாம்." அவன் நல்லவன், இரண்டு வாரமும் எனக்குக் குறிப்பெழுதித் தந்தவன். அவன் சொன்னதிலும் உண்மை உண்டு. திருகாணியை நான் பார்த்திருக்கவேண்டும். ஆனால் அதே கத்தி, அதே தளர்ந்த திருகாணியோடு அவனுடைய வலப் பையில் இருந்திருந்தால், பின்தையல் அவன் விரலைக் காத்திருக்கும். என் கவனக்குறைவுக்குக் கிடைத்த தண்டனை அவனுடைய கவனக்குறைவுக்குக் கிடைக்காது. என் வாதமெல்லாம் இந்த ஒன்றுதான்.

இதற்கு மறுப்புகள் பல கேட்டிருக்கிறேன். ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்வோம்.

"வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம்; பழகிக்கொண்டால் எல்லாம் சரியாகும்" என்பர் சிலர். பழகலாம், நானும் ஓராண்டு பழகினேன். பழக்கத்தால் கை கத்தியைத் திருப்பக் கற்றுக்கொள்ளும். பையின் பின்தையலைப் பழக்கத்தால் முன்னே கொண்டுவர முடியுமா? இந்தப் பழமொழியைச் சொல்லுவோர் கையில் பெரும்பாலும் நல்ல ஆயுதமே இருக்கிறது. புல் எப்போதும் மற்றவனுக்கே தரப்படுகிறது.

"வலக்கையாலேயே எடுக்கக் கற்றுக்கொள்" என்பர் வேறு சிலர். நான் சோத்தாங்கையால் உண்கிறேன். பெரியவர்களிடம் வலக்கையாலேயே எதையும் கொடுக்கிறேன், வாங்குகிறேன். சிறு வயதில் அம்மா கையைத் தட்டித் தட்டிப் பழக்கியது அது. அதில் எனக்கு மனக்குறை இல்லை. பந்தியில் கை தடுமாறினால் சோறு சிந்தும், அவ்வளவே. கூரிய அலகைப் பிடித்த கை தடுமாறினால் சிந்துவது வேறு. மரியாதைக்காகக் கையை மாற்றலாம். கூர்மையோடு அந்த உடன்படிக்கை செல்லாது.

"உங்களைப் போன்றவர் எத்தனை பேர்? விரல்விட்டு எண்ணும் சிலருக்காகத் தொழிற்சாலை தன் வழக்கத்தை மாற்றுமா?" என்பது மூன்றாவது மறுப்பு. எண்ணிப் பார்ப்போம். உலகெங்கும் 20 லட்சத்துக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2020 இல் வெளிவந்த கணக்கு, இடக்கைக்காரர் நூற்றுக்கு 10.6 பேர் என்கிறது. அந்தக் கணக்குப்படி 40 பேர் உள்ள வகுப்பில் நால்வர் இருக்கலாம். பத்தில் ஒருவரை மறந்துவிடும் அளவுக்கு அது சிறிய எண்ணா?

செலவு எவ்வளவு என்றும் கேட்கலாம். பெரும்பாலான கத்திகளில் வேண்டுவது மறுபக்கத்தில் சில திருகாணித் துளைகள் மட்டுமே. வலப்புறம் நுனி மேல், வலப்புறம் நுனி கீழ், இடப்புறம் நுனி மேல், இடப்புறம் நுனி கீழ் என நான்கு இடங்களில் துளையிட்டுவிட்டால், வாங்குபவர் தம் கைக்கு ஏற்றபடி கிளிப்பைக் கழற்றி மாட்டிக்கொள்வார். இது கனவு அன்று. ஸ்பைடர்கோவின் 'டெலிகா' என்ற கத்தி 1990 இல் வந்தபோது அதன் கிளிப் பிளாஸ்டிக் பிடியோடு சேர்த்தே வார்க்கப்பட்டிருந்தது. அதை இடம் மாற்ற வழியில்லை. பின்னால் வந்த பதிப்பில் அதே கத்திக்கு நான்கு இடங்களிலும் துளை வந்துவிட்டது. பூட்டிலும் இவ்வாறே. சில கத்திகளின் பூட்டு வலக்கைக் கட்டைவிரலுக்கு மட்டுமே வசதியாகப் பணியும். 1998 இல் பெஞ்ச்மேட் நிறுவனம் கொண்டுவந்த 'ஆக்சிஸ்' பூட்டை இருபுறமும் உள்ள குமிழ்களால் எந்தக் கையாலும் இழுக்கலாம். பிடியின் ஒரு பக்கமே பூட்டாக அமைந்த கத்திகளில் இருபுறமும் துளையிடுவது கடினம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். அவற்றுக்கு இடக்கைப் பதிப்பு தனியாகச் செய்யலாம். மனமிருந்தால் வழி பிறக்கும் என்பதற்கு இவை சான்று.

இதையெல்லாம் எண்ணும்போது எனக்கு எங்கள் ஊர்க் கொல்லுப்பட்டறைதான் நினைவுக்கு வருகிறது. என் அப்பத்தாவும் நொட்டாங்கைக்காரி. அறுவடைக்கு முன்னால் கருக்கரிவாள் வாங்க என்னையும் அழைத்துக்கொண்டு போவாள். கருக்கரிவாளின் பற்களை ஒரு பக்கமாகவே வெட்டுவார்கள். வலக்கைக்கு வெட்டியது இடக்கையில் கதிரைச் சரியாகக் கவ்வாது. ஆசாரியார் உலையிலிருந்து தலையை நிமிர்த்தாமலே, "எந்தக் கைக்கு, ஆத்தா?" என்று கேட்பார். ஊரில் எல்லாரையும் அறிந்தவர். அப்பத்தாவின் கையையும் அறிந்தவர்தான். இருந்தாலும் கேட்பார். எவர் வந்தாலும் கேட்பார். அவர் பள்ளிக்கூடம் போனவர் அல்லர். வடிவமைப்பு என்ற சொல்லைக் கேள்விப்பட்டிருப்பாரா என்பதே ஐயம். ஆனால் கருவி என்பது கையின் நீட்சி என்பதும், கை தெரியாமல் கருவி செய்ய முடியாது என்பதும் அவருக்குத் தெரிந்திருந்தன.

தொழிற்சாலை அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. இலட்சக்கணக்கில் செய்பவன் ஒவ்வொருவரையும் கேட்க முடியாது என்பது உண்மையே. கேட்க முடியாதவன் என்ன செய்யவேண்டும்? இரு கைக்கும் இடம் விட்டுச் செய்யவேண்டும். நான்கு இடத்துத் துளைகள் என்பவை ஆசாரியார் கேட்ட அந்தக் கேள்வியை இரும்பில் எழுதிவைப்பதே அல்லாமல் வேறல்ல.

நண்பர்களே! குறை சொல்வதோடு நின்றால் இக்கட்டுரையால் பயன் இல்லை. ஆதலால் சில சொல்லி முடிக்கிறேன்.

கத்தி வாங்கும் வலக்கை நண்பர்கள், நுனி மேல் அமைப்பானால் கத்தியைப் பையின் பின்மூலையில் தையலோடு ஒட்டி வையுங்கள். நடுவில் தொங்கவிடாதீர்கள். வாரம் ஒருமுறை கீலின் திருகாணியைப் பாருங்கள். மடக்கிய கத்தியின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து மெல்லக் குலுக்கினால் அலகு வெளிவருகிறதா என்று சோதியுங்கள். வந்தால் அதைப் பையில் வைக்காதீர்கள்.

இடக்கை நண்பர்கள், கடையில் அலகைப் பார்க்குமுன் துளைகளைப் பாருங்கள். இடப்புறம் துளை இருந்தால் கிளிப்பை அங்கே மாற்றிக்கொள்ளுங்கள். வலக்கைக்காரருக்குச் சொன்ன காவல் முழுதும் உங்களுக்கும் கிடைக்கும். வலப்புறத்திலேயே இரண்டு முனைகளிலும் துளை உள்ள கத்தி அகப்பட்டால், கிளிப்பைக் கீல்முனைக்கு மாற்றி, நுனி கீழாக இடப் பையில் வையுங்கள். அப்போது வாய்ப்பக்கம் பின்தையலை நோக்கித் திரும்பிவிடும். உருவிய பின் கத்தியைத் தலைகீழாகத் திருப்பவேண்டிய தொல்லை இருக்கும். ஆயினும் விரல் தப்பும். விரைவு போனாலும் விரல் போகக் கூடாது அல்லவா? இரண்டும் இல்லாத கத்தியானால் கிளிப்பைக் கழற்றிவிட்டு ஓர் உறையில் போட்டுக்கொள்ளுங்கள். நான் இப்போது அவ்வாறே செய்கிறேன்.

நம் சகோதரியருக்கும் ஒன்று. உங்கள் உடைகளில் பெரும்பாலும் பையே வைக்காமல் தைத்துவிடுகிறார்கள். அது தனி வழக்கு. தோள்பையின் உட்பையில் கத்தியைச் செருகுவோர், வாய்ப்பக்கம் ஓரத்துத் தையலை நோக்கி இருக்குமாறு செருகுங்கள். கை நுழையும் பக்கம் நோக்க வேண்டாம்.

இறுதியாக, நம் சங்கத்துக்கு ஒரு விண்ணப்பம். எங்கள் துறையில் முதலாண்டு மாணவர்க்கு ஒட்டுக் கத்தி தருகிறார்கள். ஒட்டுக் கத்தி மடக்குக் கத்தியினும் கண்டிப்பானது. அதன் அலகு ஒரு பக்கம் தட்டையாகவும் மறுபக்கம் மட்டும் சரிவாகவும் தீட்டப்பட்டது. தட்டைப் பக்கம் மரத்தின்மேல் படிந்தால்தான் வெட்டு சமமாக இருக்கும். வலக்கைக்குத் தீட்டியதை இடக்கையால் பிடித்தால் சரிவுப் பக்கம் மரத்தில் படுகிறது, வெட்டு குழிகிறது, ஒட்டு பொருந்துவதில்லை. "இந்தப் பையனுக்குக் கை வரவில்லை" என்று மதிப்பெண் குறைகிறது. வெளிநாட்டு நிறுவனங்கள் இடக்கைக்கென்றே இந்தக் கத்திகளைச் செய்து விற்கின்றன. என் வகுப்பில் 40 பேருக்கும் கொடுத்தவை வலக்கைக் கத்திகளே. நால்வருக்கு மாற்றித் தந்தால் துறை ஏழையாகிவிடாது. கேட்டவர் இல்லை, ஆகவே தந்தவரும் இல்லை. யாருடைய தீய எண்ணமும் இதில் இல்லை. எவருக்கும் தோன்றவில்லை, அவ்வளவுதான்.

அடுத்த ஆண்டு புதிய மாணவர்கள் வரும்போது நம் சங்கம் வழக்கம்போல் ரயில் நிலையத்துக்குப் போய் அவர்களை அழைத்துவரும். ஊர் எது, பாடம் எது, கம்பளி கொண்டுவந்தாயா என்றெல்லாம் கேட்போம். அந்தப் படிவத்தில் இன்னொரு வரியும் சேர்த்துவிடலாம் என்பது என் வேண்டுகோள். அந்தக் கணக்கை எடுத்துக்கொண்டு துறைத் தலைவரிடம் நானே போகிறேன். செயலாளர் அண்ணனும் உடன் வருவதாகச் சொல்லியிருக்கிறார்.

அந்த வரி பெரிதொன்றுமில்லை. எங்கள் ஊர் ஆசாரியார் உலையைவிட்டுத் தலை நிமிராமல் கேட்ட அதே கேள்விதான்: எந்தக் கை?